கடைசிப் பேருந்து காத்திருக்கட்டும்: தருமபுரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம் சாலையில் இண்டூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூரில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை நான். பணியில் இருந்த இருபத்தாறு ஆண்டுகளும் டவுன் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போய் வந்தேன். இப்போது என் மகள் பெங்களூருவில் வேலை பார்ப்பதால் ரயிலும் எங்கள் குடும்பத்தின் அன்றாடக் கணக்கில் சேர்ந்துகொண்டது. புதிய ரயில் விடுங்கள், புதிய பேருந்து விடுங்கள் என்று கேட்கும் மனுக்கள் தங்கள் மேசைக்கு நிறைய வரும். அப்படி எதையும் கேட்க நான் எழுதவில்லை. இன்று நம் மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரயில்களும் பேருந்துகளும் ஒன்றின் நேரத்தை மற்றொன்று அறிந்து ஓட வேண்டும்; அதற்கான பொறுப்பு யாராவது ஒருவரிடம் இருக்க வேண்டும். இந்த மடலில் உள்ள வேண்டுகோள் இவ்வளவுதான்.

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இரவு, அடைமழையில், நானும் மகளும் பெங்களூருவிலிருந்து வந்து தருமபுரி ரயிலடியில் இறங்கினோம். வண்டி பத்து நிமிடம் தாமதம். இந்தத் தொலைவுக்கு அது ஒரு தாமதமே அல்ல. ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது எங்கள் வழித்தடத்தின் கடைசி வண்டி புறப்பட்டு ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அதே வண்டியைத் தவறவிட்டு அங்கே நின்றவர்கள் இன்னும் நான்கு பேர்: கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய இருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுடைய தம்பி. நால்வரும் நாங்கள் வந்த அதே ரயிலில் வந்தவர்கள். ஆறு பேரும் சேர்ந்து ஓர் ஆட்டோவைப் பேசி, ஐந்நூறு ரூபாய் பங்கிட்டுக் கொடுத்து, நனைந்துகொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

ஊருக்குள் நுழைந்தபோது நாங்கள் தவறவிட்ட பேருந்து வழக்கம்போல் புளியமரத்தடியில் நின்றிருந்தது. அது இரவு ஊரிலேயே தங்கி விடியற்காலையில் முதல் நடையாகக் கிளம்பும் ஹால்ட் வண்டி. ஓட்டுநரும் நடத்துநரும் உள்ளே படுக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகளாக என்னை அறிந்தவர் அந்த நடத்துநர். நாங்கள் நனைந்து வந்ததைப் பார்த்து உண்மையிலேயே வருந்தி, "ரயில்ல ஆளுங்க வர்றாங்கன்னு எங்களுக்கு யாருங்க டீச்சர் சொல்றது? தெரிஞ்சா பத்து நிமிஷம் நின்னு ஏத்திட்டு வந்திருப்போம்" என்றார்.

அந்தச் சொற்களை அன்றிலிருந்து நான் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். அன்று தவறு செய்தவர் எவரும் இல்லை. ரயில் ஏறத்தாழ நேரத்தில் வந்தது. பேருந்து சரியான நேரத்தில் கிளம்பியது. ஆட்டோக்காரர் மழையிலும் வண்டி எடுத்தார். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தும், ஆறு பேர் நடு இரவில் வழியில் நிற்க நேர்ந்தது. ஒரு பயணத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே இருக்கும் அந்த அரை மணி நேரம் எந்த அலுவலகத்தின் பொறுப்பிலும் இல்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அலுவலகங்களை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, தொப்பூர் ஆகிய நிலையங்கள் இருக்கும் சேலம்–ஓசூர் பாதையில் தருமபுரி ரயில் நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது. அந்த ரயில்வேயின் தலைமையகம் ஹூப்ளியில் இருக்கிறது. இதே மாவட்டத்தில் உள்ள மொரப்பூரும் பொம்மிடியும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தவை. அரசுப் பேருந்துகள் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்துக்குள் தருமபுரி மண்டலத்தில் வருகின்றன. தனியார் பேருந்துக்கும் மினி பஸ்ஸுக்கும் வழித்தட அனுமதி தருவது வட்டாரப் போக்குவரத்து அதிகார அமைப்பு. பேருந்து நிலையமும் நகரச் சாலைகளும் நகராட்சியின் பொறுப்பு. பயணிக்கு இருப்பது ஒரே பயணம்; அதை ஐந்து இடங்களில் துண்டு துண்டாக வைத்திருக்கிறோம். இந்த ஐந்து தரப்பும் தங்கள் கால அட்டவணைகளை ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்கும் ஒரு கூட்டம் நம் மாவட்டத்துக்கு வேண்டும், அதைக் கூட்டக்கூடியவர் தாங்கள் ஒருவரே என்பதால்தான் இந்த மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த இணைப்பு யாருக்குத் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம். எங்களில் ஐந்தில் நால்வருக்கும் மேல் கிராமங்களில் இருக்கிறோம். மானாவாரி நிலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்கும், ஓசூருக்குத் தொழிற்சாலை வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போகிறவர்கள் இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் அரிது. இந்த மூன்று ஊர்களுமே தருமபுரியிலிருந்து ரயிலில் போகக்கூடிய ஊர்கள். எர்ணாகுளம் இண்டர்சிட்டி, கண்ணூர் வண்டி, தூத்துக்குடி வண்டி என்று பழைய வண்டிகள் இருக்கின்றன. 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பட்ட கோவை–பெங்களூரு வந்தே பாரத் ரயிலும் தருமபுரியில் நிற்கிறது. ஆக, ரயில் இருக்கிறது. ரயிலடிவரை வந்து சேர்வதும் அங்கிருந்து ஊர் திரும்புவதும்தான் கடினமாக இருக்கிறது. சனிக்கிழமை இரவு வீடு திரும்பி, ஞாயிறு ஒரு பகல் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, திங்கள் விடியலில் மறுபடி கிளம்புகிற ஒருவருக்கு, இரவுப் பேருந்து தவறினால் அந்த வாரத்தின் ஒரே விடுமுறையில் ஒரு பகுதி பேருந்து நிலையத்தின் சிமெண்டுத் திண்ணையில் கழிந்துவிடுகிறது.

பெண்களுக்கு இது இன்னும் கடுமையானது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த விடியல் பயணத் திட்டம் எங்கள் ஊர்ப் பெண்களின் கையில் உண்மையாகவே பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் ஒரே ஓர் இரவு இணைப்புத் தவறினால், மாதம் முழுவதும் மிச்சப்படுத்திய பணம் அந்த ஓர் ஆட்டோ பயணத்தில் கரைந்துவிடுகிறது. பணத்தைவிடப் பெரியது, அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு தனியாக நிற்கும் பெண்ணின் மனநிலை. அன்று அவளுடைய தம்பி உடன் இருந்தான். எல்லா நாளும் தம்பி உடன் வர முடியாது.

நான் பணியாற்றிய பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் கால அட்டவணை போட்டவள் நான். ஆசிரியர் எண்ணிக்கை குறைவு, வகுப்பறைகள் குறைவு, ஒரே ஆய்வகம். இருந்தும் எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடமும் நடந்தாக வேண்டும். அந்த வேலையில் நான் கற்றது, புதிய ஆசிரியர் வரும்வரை காத்திராமல் எந்தப் பாடவேளையை நகர்த்தினால் வேறெதுவும் கலையாது என்று முதலில் தேட வேண்டும் என்பது. ஒரு பாடவேளையை நகர்த்தினால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் உள்ள நான்கு பாடவேளைகள் கலையும். ஆனால் நாளின் கடைசிப் பாடவேளையை நகர்த்தினால் அதற்குப் பின்னால் கலைவதற்கு எதுவும் இருக்காது.

ஹால்ட் வண்டிகள் அந்தக் கடைசிப் பாடவேளையைப் போன்றவை. பகலில் ஒரு பேருந்தைக் கால் மணி நேரம் நிறுத்தினால் அதன் அடுத்தடுத்த நடைகள் எல்லாம் தள்ளிப்போகும், எதிரில் காத்திருப்பவர்கள் அவதிப்படுவார்கள், பின்னால் வரும் தனியார் வண்டியோடு நேரத் தகராறும் வரும். இரவு ஊரில் போய்த் தங்கும் வண்டிக்கு அதற்குப் பிறகு நடை இல்லை. அது கால் மணி நேரம் தாமதமாகப் போனால் பாதிக்கப்படுவது ஏற்கெனவே வண்டியில் ஏறி அமர்ந்திருக்கும் பயணிகளும், ஓட்டுநர் நடத்துநரின் உறக்கமும் மட்டுமே. இவை சிறியவை என்று நான் சொல்ல மாட்டேன். விடியற்காலை முதல் நடை எடுக்க வேண்டிய ஓட்டுநருக்குக் கால் மணி உறக்கமும் முக்கியம். அதற்கு ஈடாகப் பணி நேரக் கணக்கில் அந்த நேரத்தைச் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.

ஆகவே நான் முன்வைக்கும் முறை இது. சனிக்கிழமை இரவுகளிலும் விழாக்கால இரவுகளிலும் மட்டுமாவது, தருமபுரியிலிருந்து பென்னாகரம், பாப்பாரப்பட்டி, நல்லம்பள்ளிப் பக்கங்களுக்குப் போகும் ஹால்ட் வண்டிகளின் புறப்பாட்டை, பெங்களூருப் பக்கமிருந்து வரும் மாலை, இரவு ரயில்களில் ஏதாவது ஒன்றின் வருகையிலிருந்து அரை மணி கழித்து வருமாறு அமைக்க வேண்டும். ரயில் தாமதமானால் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் காத்திருக்கலாம் என்று பேருந்து நிலைய நேரக் காப்பாளருக்கு எழுத்துப்பூர்வமான அதிகாரம் தர வேண்டும். ரயில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். வண்டி பாலக்கோட்டைத் தாண்டும் நேரத்தைக் கொண்டே, அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து சேருமா சேராதா என்று நேரக் காப்பாளர் முடிவு செய்துவிடலாம். சேராது என்றால் பேருந்து தன் நேரத்தில் போகட்டும். ஒரு ரயிலுக்காக ஊர் முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்குப் புதிய வண்டியோ புதிய ஆளோ தேவைப்படாது. மூன்று மாதம் சோதனையாகச் செய்து பார்த்து, பயன் இல்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

விடியற்காலையில் சிக்கல் வேறு வகையானது. ஊரில் தங்கிய வண்டி முதல் நடையாகத் தருமபுரி வந்து சேர்வது பேருந்து நிலையத்துக்கு. பயணி போக வேண்டியது ரயிலடிக்கு. ஒரு சில முதல் நடைகளையாவது ரயிலடி வழியாக வரச் செய்தால் திங்கள்கிழமைக் கூட்டத்தில் பெரும்பகுதிக்கு நேரமும் ஆட்டோ செலவும் மிச்சமாகும். ஆட்டோக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்பது என் எண்ணமல்ல. பகலெல்லாம் நகருக்குள் ஷேர் ஆட்டோக்கள் இல்லாவிட்டால் முதியவர்களும் நோயாளிகளும் நடமாடவே முடியாது. கூட்டத்துக்கு அவர்களுடைய சங்கப் பிரதிநிதிகளையும் அழைக்க வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறேன். ரயிலடி வாசலில் எந்த நேரத்தில் எத்தனை பேர் இறங்கி எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை நம் மாவட்டத்தில் அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

மொரப்பூரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னைக்குப் போகும் நம் மாவட்ட மக்களுக்கு அதுவே வாசல். சென்னைப் பாதை தருமபுரி நகரைத் தொடவில்லை. அது மொரப்பூர், பொம்மிடி வழியாகப் போகிறது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை ரயில் ஓடத் தொடங்கியது. 1913இல் அது ஓசூர்வரை நீண்டது. பெரிய பாதையில் வந்து இறங்குகிறவரை ஊர் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே போடப்பட்ட கிளைப் பாதை அது. இதே போல 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஒரு குறுகிய பாதை இருந்தது. இரண்டும் சுதந்திரத்துக்கு முன்பே மூடப்பட்டன. மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லாத நிலை அன்று முதல் தொடர்கிறது. அங்குள்ளவர்களும் வேறு ஊருக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும்.

மொரப்பூர்–தருமபுரி புதிய அகலப் பாதைக்கு, 36 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தப் பாதை வரட்டும். அதற்காக உழைக்கும் எல்லோருக்கும் என் வணக்கம். ஆனால் ரயில் பாதை வரும்வரை அந்தக் கிளைப் பாதை செய்த வேலையைப் பேருந்து செய்யலாமே என்பதுதான் என் கேள்வி. தருமபுரியிலிருந்தும் அரூரிலிருந்தும் மொரப்பூர் வழியாகப் பேருந்துகள் போகின்றன. அவற்றில் இரண்டு மூன்று நடைகள், சென்னைப் பக்கம் போகும் ரயிலுக்கு முப்பது நிமிடம் முன்பாக மொரப்பூர் ரயிலடிக்குப் போய்ச் சேரும்படியும், சென்னையிலிருந்து வரும் ரயிலில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்படியும் அமைந்தால், அதையே ரயில் இணைப்புப் பேருந்து என்று பலகை மாட்டி ஓட்டலாம். நேர்காணலுக்குச் சென்னை போகும் இளைஞர்கள், மேல் சிகிச்சைக்குப் போகும் நோயாளிகள், மேல்முறையீட்டுக்கு உயர்நீதிமன்றம் போகிறவர்கள் என்று இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

நேர அட்டவணை மக்கள் கண்ணில் படுவது பற்றி ஒரு சட்ட நினைவூட்டல். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 72ஆம் பிரிவில், அங்கீகரிக்கப்பட்ட கட்டண அட்டவணையையும் கால அட்டவணையையும் வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக விதிக்க இடம் தருகிறது. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, ரயிலடி வாசலில் எல்லா வழித்தடங்களின் முதல் பேருந்து, கடைசிப் பேருந்து நேரங்களையும், பேருந்து நிலையத்தில் ரயில்களின் நேரங்களையும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். ஒரு பலகைக்கு ஆகும் செலவு சிறியது. ஆனால் ரயில்வே தன் அட்டவணையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலகை மாற்றப்படவில்லை என்றால், அது இல்லாததைவிடக் கேடு. எனவே எந்த அலுவலர் அதை மாற்றுவார் என்பதும் அதே உத்தரவில் இருக்க வேண்டும்.

சோகத்தூர்ப் பகுதிக்கான புதிய பேருந்து நிலையத் திட்டத்தைப் பற்றியும் ஒரு கவலை உண்டு. இப்போதைய பேருந்து நிலையங்கள் நகரின் நடுவில், கடைவீதிக்கு அருகில் இருப்பதால் நெரிசல் இருக்கிறது என்பது உண்மை. புறநகருக்குப் போனால் நெரிசல் குறையலாம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் பேருந்து நிலையம் நகரும்போது ரயிலடி நகராது, 2008இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நகராது, ஒட்டப்பட்டிப் பக்கம் உள்ள தங்கள் அலுவலகமும் நகராது. இந்த நான்கையும் சுற்றிவரும் ஒரு சுற்றுப் பேருந்து, புதிய நிலையம் திறக்கப்படும் அதே நாள் காலையிலேயே ஓடத் தொடங்க வேண்டும். மக்கள் முதல் சில மாதங்களில் எந்தப் பழக்கத்துக்கு வருகிறார்களோ அதுவே நிலைத்துவிடும். அதற்குள் இருசக்கர வாகனம் வாங்கிவிட்டவர் மறுபடி பேருந்துக்கு வருவது அரிது.

சென்னைக்கு இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் செயல்படுகிறது. 2025 செப்டம்பர் முதல் மாநகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்க முடிகிறது. அது நல்ல முயற்சி. சென்னை போகும்போது நான் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். நம் ஊருக்கு அப்படியொரு குழுமம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சென்னையில் ஒரு பேருந்து தவறினால் அடுத்தது சில நிமிடங்களில் வந்துவிடும். எங்கள் வழித்தடத்தில் கடைசி வண்டி தவறினால் அடுத்தது மறுநாள் விடியலில்தான். வண்டிகள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் நேரப் பொருத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பெருநகரங்களுக்கு மட்டும் இதற்கு அமைப்பு இருப்பதும், மாவட்டங்களில் இதைப் பற்றிப் பேசவே ஓர் இடம் இல்லாததும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

தங்கள் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. அதில் காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆகியவை ஏற்கெனவே அமர்ந்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே நாளில், அதே அரங்கில், போக்குவரத்துக் கழக மண்டல அலுவலர்களையும் பெங்களூரு, சேலம் ஆகிய இரண்டு ரயில்வே கோட்டங்களின் பிரதிநிதிகளையும் நகராட்சி ஆணையரையும் தனியார் பேருந்து உரிமையாளர்களையும் சேர்த்து ஒரு மணி நேரம் கூடுதலாக அமரச் செய்தால் போதும். இது எங்கள் வேலை அல்ல என்று ரயில்வே தரப்பில் சொல்லக்கூடும். பேருந்து ஓட்டுங்கள் என்று யாரும் அவர்களைக் கேட்கப் போவதில்லை. அட்டவணை மாறும்போது ஒரு மாதம் முன்னதாகத் தெரிவியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதல் கூட்டத்துக்கு முன்பு ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் நல்லது. அரசு கலைக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நான்கு சனிக்கிழமை இரவுகளும் நான்கு திங்கள்கிழமை விடியல்களும் தருமபுரி, மொரப்பூர் ரயிலடிகளில் நின்று, இறங்குகிறவரிடமும் ஏறுகிறவரிடமும் எந்த ஊர், எதில் வந்தீர்கள், எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்ற நான்கு கேள்விகளை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டால், எந்த வழித்தடத்தில் எந்த வண்டியை நகர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கைத் தொகுப்பதற்கும், அதிலிருந்து ஒரு மாதிரி அட்டவணை வரைந்து தருவதற்கும் நானும் என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். எந்த நாள், எங்கு வர வேண்டும் என்று தெரிவித்தால் முதல் பேருந்தில் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
பென்னாகரம் சாலை, தருமபுரி மாவட்டம்.